தோலும் நாதமும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இவ்விழாவிலே பேசவேண்டுமென்று செயலாளர் என்னைக் கேட்டபோது, "சமய சம்பந்தமான விஷயமாக இருக்கட்டும்" என்றும் சொல்லிவைத்தார். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு சோடிப் பழைய தபேலா. இது சமய விஷயந்தானா என்ற கேள்வி சிலருடைய முகத்திலே எழுவதைக் காண்கிறேன். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். பேச்சின் முடிவிலே நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

சற்றுமுன் நம் பிள்ளைகள் பாடிய பஜனைக்குப் பக்கவாத்தியமாக ஒலித்த அந்தச் சோடி, இதோ மேடையின் ஓரத்திலே இருக்கின்றது. வலக்கையால் வாசிப்பது மரத்தாலானது. இடக்கையால் வாசிப்பது செம்பாலானது. "எவ்விடத்தில் புதிதாக வாங்கினீர்கள்?" என்று வாசலிலே ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். புதியனவல்ல. இவற்றின் வயது, இவற்றை வாசித்த பிள்ளையின் வயதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஓராண்டுக்கு முன் இவற்றில் ஒலியே கிடையாது. அந்த ஒலி எப்படி மீண்டது, யார் மீட்டார், அதனால் நாம் என்ன கற்றோம் என்பனவே இன்றைய பேச்சு.

இழந்தவை

தர்மபுரத்து மக்களுக்குக் கொட்டு முழக்கம் புதிதன்று. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் தென்னிலங்கையையும் மலையகத்தையும் விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் பல. காடு வெட்டிக் கிணறு தோண்டிய அம்மக்கள், தங்கள் மூட்டை முடிச்சுக்களோடு தப்பையும் காமன் கூத்தையும் கொண்டுவந்தார்கள். தோட்டத்திலே விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பு. மாசியிலே காமனை எழுப்பியதும் அதே தப்பு. இவ்வீதி வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் முல்லைத்தீவு; அங்கே கோவலன் கூத்துக்கு அண்ணாவியாரின் மத்தளம். கோயிற்றிருவிழாக்களிலே தவில், பஜனைகளிலே மிருதங்கமும் தபேலாவும். இவ்வாறு பல திக்கிலிருந்து வந்த கொட்டுக்களெல்லாம் வன்னி மண்ணிலே ஒன்றுகூடின.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே மேற்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தோருக்கு முற்றத்தையும் திண்ணையையும் கொடுத்த இவ்வூர், 2009 தை மாதத்திலே தானும் எழுந்து கிழக்கு நோக்கி நடந்தது. அந்த நடையிலே எதனைத் தூக்குவது, எதனை விடுவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் விடை ஒன்றுதான். குழந்தையைத் தூக்கினோம், அரிசியைத் தூக்கினோம், அடையாள அட்டையைத் தூக்கினோம். மிருதங்கத்தை யார் தூக்குவார்? செட்டிக்குளத்து முகாம்களிலிருந்து திரும்பி வந்தபோது சுவரில்லாத வீடுகளையும் கூரையில்லாத கோயில்களையும் கண்டோம். அவற்றைக் கட்டி எழுப்புவதிலேயே ஆண்டுகள் கழிந்தன. வாத்தியங்களைப்பற்றி நினைக்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. அதிலே குற்றம் காண்பதற்குமில்லை.

பஜனை மாத்திரம் நின்றுவிடவில்லை. கைத்தாளம் ஒன்று கிடைத்தது. அதற்குமேல் கைதட்டல். ஒரு மார்கழியிலே, திருவெம்பாவைப் பூசைக்கு வந்த சிறுவன் ஒருவன், வெறுமையான எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து வைத்துத் தாளம் பிசகாமல் வாசித்தான். சிலர் சிரித்தார்கள். பூசை முடிந்து வீடு செல்லும் வழியெல்லாம் எனக்கு அந்தத் தகரத்தின் ஓசைதான் காதிலே நின்றது. அவனுடைய விரல்களுக்கு ஒரு தோல் வேண்டும் என்று அன்று தோன்றிற்று.

வாங்கிய கதை

புதிய சோடி வாங்க முதலில் விசாரித்தோம். தபேலாக்கள் இந்தியாவிலிருந்து வரவேண்டியவை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இறக்குமதிப் பொருள்களின் விலை எவ்வாறு ஏறிற்று என்பதை இச்சபைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுத் தேநீர் குடித்துத் திரும்பினோம். பழையது ஏதேனும் கிடைக்குமோ என்று தேடியபோது, வவுனியாவில் வசிக்கும் ஓர் அம்மாவைப்பற்றிச் சொன்னார்கள்.

அவருடைய கணவர் ஆசிரியர். பஜனைக்கும் பாடசாலை நாடகத்துக்கும் தபேலா வாசித்தவர். இடம்பெயரும்போது அவர் இந்தச் சோடியைப் பொலித்தீனில் சுற்றி, அதற்குமேல் சாக்கைச் சுற்றி, வளவிலே ஒரு குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து தோண்டியெடுத்தபோது தோல் உக்கிப்போயிருந்தது. வார்கள் தொட்டவுடன் உதிர்ந்தன. மரம் மாத்திரம் தப்பிற்று. செம்புப் பாத்திரத்திலே ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அவர் அதனைத் திருத்த எண்ணியிருந்தார், அதற்குள் காலமானார்.

விலை பேசும்போது, "எவ்வளவு தரவேண்டும், அம்மா?" என்றேன். "காசு வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வசதியில்லைத் தம்பி. ஆனால் கூடவும் கேக்கமாட்டன்" என்றார். புதிய சோடியின் விலையில் மூன்றிலொரு பங்கும் ஆகவில்லை. படலை வரைக்கும் வந்து, "வாசிக்கிற பிள்ளை இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். எண்ணெய்த் தகரத்துப் பிள்ளையைப்பற்றிச் சொன்னேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கதைக்கவில்லை.

பழைய வாத்தியம் வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும் என்பதை இளைஞர்கள் அறிந்துவைத்திருப்பது நன்று. தோலைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம். தோல் மாற்றக்கூடியது. மரத்தைத்தான் பார்க்கவேண்டும். வெடிப்பு உண்டோ, உளுத்த துளை உண்டோ, வாய் விளிம்பு வட்டமாகவும் மட்டமாகவும் உளதோ என்று விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். சுவர் தடித்து, தூக்கும்போது பாரமாயிருக்கும் கட்டை நல்லது. வெறும் மரத்தை முட்டியால் தட்டினால் உடைந்த சட்டியின் ஓசை வரலாகாது. அடுத்ததாக வாயின் அகலம். ஏறக்குறைய ஐந்தரை அங்குல வாயுள்ள தபேலா ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கு இசையும். வாய் அகன்றால் சுருதி தாழும், சிறுத்தால் ஏறும். பாடுகிறவர்களின் சுருதியை அறியாமல் வாங்கினால், பின்னர் வாத்தியத்துக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டிவரும். இடப்பக்கத்துச் செம்புப் பாத்திரத்தில் நெளிவு இருந்தால் தட்டி எடுக்கலாம். விளிம்பு கிழிந்திருந்தால் வாங்காமல் விடுவதே மேல்.

நான் சொன்ன பொய்

அடுத்து, தோல் போடுகிறவரைத் தேடினோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு சிற்றூரில், தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் மூட்டுப் போடும் ஒரு வயோதிபர் இருப்பதாக ஒரு தவில் வித்துவான் வழி காட்டினார். அவர் பெயரை இம்மேடையிலே சொல்லலாகாது என்று அவரே கேட்டுக்கொண்டமையால் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை நானும் இரண்டு இளைஞர்களும் அவரிடம் போனோம். முருங்கை மரத்து நிழலிலே பாய் விரித்து அமர்ந்திருந்தார். அருகிலே ஊறவைத்த தோல். அதன் நாற்றம் வேலி வரைக்கும் வந்தது. அவர் தபேலாவை மடியிலே வைத்து, உள்ளே கையைவிட்டுத் தடவினார். "பிலா மரம். மண்ணுக்குள்ள கிடந்தும் கறையான் தொடேல்லை. இதை எறிஞ்சுபோடாமல் கொண்டுவந்தது நல்லது, தம்பி" என்றார்.

அவ்வேளையிலே அவருடைய மகள் எங்கள் மூவருக்கும் தேநீர் கொண்டுவந்தார். இளைஞர்கள் இருவரும் வாங்கிக் குடித்தார்கள். நான், "இண்டைக்கு எனக்கு விரதம்" என்றேன்.

சபையோரே! அன்று எனக்கு விரதமில்லை. காலையிலே பரந்தனில் பஸ் ஏறுமுன் வயிறு நிறைய உண்டுவிட்டே வந்திருந்தேன். அந்தப் பொய் என் வாயிலே எப்படி வந்தது? நான் யோசித்துச் சொன்னதன்று. யோசியாமல் வந்ததுதான் என்னைப் பின்னர் வருத்திற்று. எனக்கு முன்னே இருந்தவர்கள் எத்தனையோ வாசலிலே சொன்ன பொய், என் நாவிலே தானாக வந்து நின்றது. அந்தப் பெரியவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "விரதமெண்டால் சரி, தம்பி" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மரத்தைத் தடவத் தொடங்கினார். அவருக்கு அந்தப் பொய் புதிதன்று என்பதை அவருடைய குரலிலே கேட்டேன்.

திரும்பி வரும்போது இளைஞர்களுள் ஒருவன், "அண்ணை, இண்டைக்கு என்ன விரதம்?" என்று கேட்டான். என்னிடம் விடையில்லை.

தோலுக்கு நாதம் வந்த விதம்

வேலை பல வாரங்கள் நடந்தது. நாங்கள் விடுமுறை நாள்களிலே போய்ப் பார்த்தோம். அவர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் களைந்து, சவ்வு நீங்கச் சுரண்டி, விறைப்பாக இழுத்துக் காயவிடுதல் முதல் வேலை. தபேலாவின் முகத்தை ஒரு தோல் என்று நாம் எண்ணுகிறோம். முழு முகத்தையும் மூடும் ஒரு தோலும், அதன்மேல் விளிம்போரமாக மாத்திரம் நிற்கும் இன்னொரு தோலும் உண்டு. இவற்றைச் சுற்றிலும் தோல்வாரினால் பின்னிய வளையம் வரும். அவ்வளையத்தில் பதினாறு இடங்களிலே வார் ஏறி இறங்கும். வாருக்கும் மரத்துக்கும் இடையே எட்டு உருளைக் கட்டைகள். அவற்றைக் கீழே தட்டினால் வார் இறுகிச் சுருதி ஏறும். மேலே தட்டினால் தளர்ந்து இறங்கும். நுட்பமான சுருதியைப் பின்னல் வளையத்திலே சிறு சுத்தியலால் தட்டிச் சேர்ப்பர். ஒரு பக்கம் தட்டினால் அதற்கு நேரெதிர்ப் பக்கத்தையும் கவனிக்கவேண்டும். அல்லாவிடில் முகத்தின் ஒருபுறம் ஒரு சுருதியும் மறுபுறம் வேறொரு சுருதியுமாகப் பேசும்.

இவை எல்லாவற்றிலும் கடினமானது நடுவிலே காணும் கறுப்பு வட்டம். இரும்புத் தூளையோ இரும்புச் சத்துள்ள கல்லின் தூளையோ பசையோடு குழைத்து, மெல்லிய பூச்சாக இட்டு, வழுவழுப்பான கல்லினால் தேய்த்து, உலரவிட்டு, மறுபடியும் பூசித் தேய்ப்பர். இப்படிப் படை படையாக அது வளரும். நடுவிலே தடிப்பாகவும் ஓரத்திலே மெல்லியதாகவும் அமையவேண்டும். தேய்க்கத் தேய்க்க அதிலே கண்ணுக்குப் புலனாகாத மயிரிழை வெடிப்புக்கள் தோன்றும். அவை இருப்பதனால்தான் பூச்சு இறுகிய ஓடாகாமல் தோலோடு சேர்ந்து அசையும். வலப்பக்கத்திலே இவ்வட்டம் நடுவில் இருக்கும்; இடப்பக்கத்திலே ஒரு புறமாக ஒதுங்கி இருக்கும். அதனால்தான் இடக்கையின் அடிப்பாகத்தைத் தோலில் ஊன்றி நகர்த்தி, விரலால் கும்காரத்தை எழுப்ப இடமுண்டாகிறது.

"கெதியாய் முடிக்கலாமோ, ஐயா?" என்று ஒருநாள் கேட்டேன். "கெதியாய்ப் பூசினால் கெதியாய் உதிரும்" என்று சொன்னார். அவ்வளவுதான்.

இந்தக் கறுப்பு வட்டம் எதற்காக? இதற்கு விடை கண்டவர் திருவானைக்காவிலே பிறந்து, 1930இல் நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன். வெறுந்தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு கூட எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று முழுவெண் விகிதத்தில் அமைவதில்லை. ஆகவே அது ஓசையாகுமேயன்றிச் சுருதியாவதில்லை. மிருதங்கம், தபேலா ஆகியவற்றின் முகத்திலே நடுவில் ஏற்றிய பாரம் அம்மேலொலிகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற முறையான விகிதத்துக்குக் கொண்டுவருகின்றது. யாழிலும் வீணையிலும் நரம்பு தரும் ஒழுங்கை இங்கே தோல் தருகின்றது. இராமன் அவர்கள் இதனை 1920இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' என்ற விஞ்ஞான இதழிலே அறிவித்தார். 1934இல் விரிவான கட்டுரையாகவும் எழுதினார்.

விஞ்ஞானி காரணத்தைக் கண்டுபிடித்தார், அவருக்கு உலகம் மாலை சூட்டிற்று, அது தக்கதே. ஆனால் அவர் ஆராய்ந்த அந்த வாத்தியத்தை, ஆராய்ச்சிக்கூடமும் அளவுகோலுமின்றிக் காதையும் கல்லையும் கொண்டே செய்து முடித்தவர்கள் யார்? அவர்களுக்கு மாலை வேண்டாம். தேநீரை வாங்கிக் குடிக்கவாவது ஆள் வேண்டாமா?

நந்தனார் கொடுத்த தோல்

இவ்விடத்திலே சமய விஷயம் தானாகவே வந்துவிடுகிறது.

திருநாளைப்போவார் என்னும் நந்தனார் வரலாற்றை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று ஏங்கிய பகுதியை நினைவில் வைத்திருக்கிறோம். ஆதனூரிலே அவர் என்ன தொண்டு செய்தார் என்பதைப் பலர் மறந்துவிட்டோம். சேக்கிழார் சுவாமிகள் அதனைத் தெளிவாகக் கூறுகின்றார். சிவாலயங்களின் பேரிகை முதலிய முழவுகளுக்கு முகத்தை மூடும் தோலையும் இறுகக் கட்டும் வாரையும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். அருச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். இதுவே அவருடைய திருத்தொண்டு. அவர் கொடுத்த தோல் கோயிலினுள்ளே போயிற்று. அவர் வாசலுக்கு வெளியே நின்றார்.

திருப்புன்கூரிலே சுவாமியை நேரே காண முடியாமல் அவர் நின்றபோது, இறைவன் இடபதேவரை விலகியிருக்கப் பணித்தருளினார். நந்திதேவரை இறைவனுடைய ஆடலுக்கு முழவு வாசிப்பவராகச் சிற்பிகள் காட்டுவது நமக்குத் தெரியும். முழவு வாசிப்பவர், முழவுக்குத் தோல் கொடுத்தவருக்காக ஒதுங்கி நின்றார் என்று எண்ணிப் பார்க்கும்போது என் மனம் உருகுகின்றது. ஆனால் அங்கே நந்தி விலகிற்று, மதில் விலகவில்லை. தில்லையிலும் அவர் தீயினுள் புகுந்து எழுந்த பின்னரே உட்செல்ல முடிந்தது. பெரிய புராணத்தைப் படிக்கும் இளைஞர்கள் இந்த இடத்திலே புத்தகத்தைச் சற்று மூடிவைத்து யோசிக்கவேண்டும்.

அதே புராணத்திலே இன்னொரு காட்சியும் உண்டு. திருஞானசம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர், சாத்தமங்கையிலே அந்தணராகிய திருநீலநக்கரின் இல்லத்துக்கு வருகிறார். அக்காலத்து வழக்கிலே பாணருக்கு அவ்வில்லத்தினுள் இடமில்லை. பிள்ளையாரின் விருப்பப்படி, திருநீலநக்கர் பாணருக்கும் அவருடைய மனைவியாருக்கும் வேள்வித் தீயிருந்த வேதிகையின் அருகிலேயே இடங்கொடுத்தார். தீ வலமாகச் சுழித்து எழுந்து அதனை ஏற்றுக்கொண்டதாகச் சேக்கிழார் காட்டுகின்றார். பல நூற்றாண்டுகளாக இந்தக் காட்சி நம் நூலிலே இருக்கின்றது. அதனை வாசித்துவிட்டு நான் விரதமென்று பொய் சொன்னேன்.

இது பழங்கதை மாத்திரமன்று. பாலக்காடு மணி ஐயர் (1912–1981) மிருதங்கத்திலே நிகரற்ற மேதை. அவருடைய வாத்தியங்களைச் செய்து கொடுத்து, அவர் நாடிய நாதத்துக்காக அவரோடு சேர்ந்து உழைத்தவர் தஞ்சாவூரைச் சேர்ந்த பர்லாந்து. மணி ஐயரின் பெயரை அறியாத இரசிகர் இல்லை; பர்லாந்துவின் பெயரைக் கேட்டவர் சிலரே. சங்கீத வித்துவான் டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்' என்று ஒரு நூல் எழுதி, மிருதங்கம் செய்யும் குடும்பங்களின் வரலாற்றை வெளியிட்டார். அவர்களிலே பலர் ஒடுக்கப்பட்ட சமூகத்திலே பிறந்த கிறிஸ்தவர்கள். மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் வேண்டியிருக்கின்றன என்ற உண்மையையும் அந்நூல் மறைக்காமல் பேசுகின்றது. பூசையறையிலே குங்குமம் இட்டு வைக்கும் வாத்தியம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய நாம் அஞ்சுவானேன்?

நம் நாட்டிலும் தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933–1975) அவர்களின் விரல்களை வியந்து பேசாத கிராமமில்லை. அவருடைய தவிலுக்குத் தோல் போட்டவர் யாரென்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

தபேலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதனை வட நாட்டிலே வளர்த்தவர்களிலே பெரும்பாலார் முஸ்லிம் உஸ்தாதுகள். 2024 மார்கழியிலே மறைந்த ஜாகீர் ஹுசைன் அந்தப் பரம்பரையின் பேரொளி. ஆகவே நம் மண்டபத்திலே சிவநாமம் ஒலிக்கும்போது, அதற்குத் தாளம் தருவது எத்தனை கைகள் கடந்து வந்த வாத்தியம் என்பதை எண்ணுங்கள்.

சாதியின் பெயரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றமென்று இலங்கையிலே 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் விதித்தது. அதன் பின்னரும் 1968இலே மாவிட்டபுரம் கோயில் வாசலிலே உள்ளே விடும்படி கேட்டு மக்கள் நிற்கவேண்டியிருந்தது. சட்டம் வாசலைத் திறக்கலாம். ஒரு கோப்பைத் தேநீரை என் கையில் வாங்குவிக்கச் சட்டத்தால் முடியாது. அது நானே செய்யவேண்டியது.

விஜயதசமி

வேலை முடிந்த நாளிலே நான் தனியாகப் போனேன். தேநீர் வந்தது, குடித்தேன். "இண்டைக்கு விரதம் இல்லையோ, தம்பி?" என்று கேட்டார். அவர் சிரித்தாரா, இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. "அண்டைக்கும் இல்லை, ஐயா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுத்தியலை எடுத்துச் சுருதி சேர்க்கத் தொடங்கினார்.

விஜயதசமியன்று வாத்தியங்களைப் பூசையில் வைத்து வாசிக்கத் தொடங்குவதென்று தீர்மானித்தோம். அவரையும் அழைத்தோம். "கூலியைக் கொடுத்தாயிற்று, பூசைக்கும் அழைக்கவேண்டுமோ?" என்று நம் கூட்டத்திலே ஒருவர் கேட்டார். கேட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு மாதத்துக்கு முன் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அவர் வந்தார். மண்டபத்துக்கு வெளியே, செருப்புக் கழற்றும் இடத்திலே நின்றார். உள்ளே வரும்படி இளைஞர்கள் அழைத்துக் கதிரை போட்டார்கள். கதிரையில் இருக்கவில்லை; வாத்தியத்தின் அருகே பாயிலே அமர்ந்தார். வழியிலே காற்றுப் பட்டுச் சுருதி இறங்கியிருந்தது. எட்டுக் கட்டைகளையும் ஒருமுறை தடவிப் பார்த்து, வளையத்தைச் சுற்றித் தட்டினார். பின்னர் முகத்தின் ஓரத்தைச் சுட்டுவிரலால் ஒருமுறை தொட்டார். அந்த நாதம் மண்டபத்திலே நின்றது. பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளும் நிறுத்திவிட்டார்கள். எண்ணெய்த் தகரத்துச் சிறுவன் அதன்பின் வாசித்தான். வவுனியாவிலிருந்து அந்த அம்மாவும் வந்திருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பூசை முடிந்து அன்னதானப் பந்தியிலே நானும் அந்தக் கலைஞரும் அருகருகே அமர்ந்து உண்டோம்.

இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள்

இனி நம் கடமை யாது? மூன்றே விஷயங்கள் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, இருப்பதைக் காத்தல். வாசிக்குமுன் கையைக் கழுவித் துடையுங்கள்; ஈரக்கை தோலுக்கு நஞ்சு. வியர்வை கூடினால் சிறிது முகப்பூச்சு மா போதும். கறுப்பு வட்டத்திலே தண்ணீர் படவிடாதீர்கள், நகத்தால் சுரண்டாதீர்கள். வெயிலிலும் மாரிக்காலத்து ஈரத்திலும் வைக்காமல், துணியுறையிட்டுத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். வீடுகளிலே மூலையில் கிடக்கும் பழைய மிருதங்கமோ, மத்தளமோ, தப்போ இருந்தால் விறகாக்குமுன் ஒருமுறை மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, செய்பவருக்கு உரிய மதிப்பை அளித்தல். பாடகரின் பெயரை அச்சிடும் அழைப்பிதழிலே, அவர் சம்மதித்தால், வாத்தியம் செய்தவரின் பெயரையும் அச்சிடுங்கள். கூலியிலே பேரம் பேசாதீர்கள். பல வாரத் தேய்ப்புக்கு நாம் கொடுத்த பணம், ஒருநாள் ஒலிபெருக்கி வாடகையைவிட அதிகமில்லை என்று கணக்குப் பார்த்தபோது வெட்கப்பட்டேன்.

மூன்றாவது, அந்தத் தொழிலைக் கற்றல். இதுவே முக்கியமானது. அந்தப் பெரியவருக்கு வயதாகிவிட்டது. அவருடைய கையிலே இருப்பது எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை. நம் மன்றத்து இளைஞர்கள் இருவர் சனிக்கிழமைகளிலே அவரிடம் போய்ப் பழகத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் நாள் என்னோடு வந்து தேநீர் குடித்த அதே இருவர்தாம். அவர்களுடைய வீட்டிலே இதற்கு முழுச் சம்மதமில்லை. "படித்த பிள்ளை தோல் சுரண்டப் போகிறதோ?" என்ற கேள்வி எழுந்திருக்கிறது. அக்கேள்வியைக் கேட்ட பெரியவர்கள் இச்சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே நான் இவ்வளவும் பேசினேன்.

ஐயாமாரே! உங்கள் பிள்ளைகள் தொடுவது, நந்தனார் சிவனுக்கென்று தொட்ட பொருள். அதனைத் தொட்ட கை தாழ்ந்ததென்றால், அதிலிருந்து எழும் நாதத்தோடு நாம் சொல்லும் நாமமும் தாழ்ந்துபோகும். அப்படி நாம் நினைக்கவில்லையே! நாதத்தை உள்ளே அழைத்து, கையை வெளியே நிறுத்துவது இனியும் வேண்டாம். பிள்ளைகளை ஆசீர்வதித்து அனுப்புங்கள்.

இது சமய விஷயந்தானா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை உங்களிடமே விட்டு, என் பேச்சை இத்துடன் நிறைவு செய்கிறேன். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் நம் மன்றத்துக்கும் இவ்வூருக்கும் என்றும் துணைநிற்பதாக.